ஆற்றுப் பனிக்கட்டியை அளக்க ஒரு கைத் துளைப்பான்: மூன்று குளிர்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், லாக்போர்ட்டுக்கும் செல்கர்க்குக்கும் இடையே ரெட் ஆறு உறைந்ததும், வாரம் ஒரு முறை அதன் மேல் நடந்து செல்வது எனக்கும் என் மைத்துனருக்கும் வழக்கமாகிவிட்டது. மீன்பிடிப்பது அவர் வேலை. குறித்த ஐந்து இடங்களில் துளையிட்டு, பனிக்கட்டியின் தடிமனை அளந்து குறிப்பேட்டில் எழுதுவது என் வேலை. அதற்காக வாங்கிய ஆறு அங்குலக் கைத் துளைப்பானைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடைகளில் ‘ஐஸ் ஆகர்’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். இந்த அமைப்பில் பல நிறுவனங்கள் கருவி செய்வதாலும், நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொதுவானவை என்பதாலும், தயாரிப்பாளரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் இதன் நல்ல அம்சங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வளைந்த அலகுகள் கொண்ட இந்தக் கருவி மூன்று கிலோவுக்கும் குறைவான எடையுள்ளது. இரண்டாக மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அலகு கூர்மையாக இருக்கும் வரை 40 சென்டிமீட்டர் கட்டியை இரண்டு நிமிடத்தில் துளைத்துவிடுகிறது. அழுத்தக் கூடாது, சுழற்றினால் போதும். உடல் பாரத்தை மேலே போட்டால் அலகு கடித்து நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் துளைப்பான்கள் வேகமானவைதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையில் மின்கலத்தின் திறன் பாதியில் படுத்துவிட, கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. அதற்குப் பிறகு கைக்கருவியை நாங்கள் மாற்றவில்லை.

பெட்டியின் மேல் இதை ஒரு பாதுகாப்புக் கருவி என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. துளைப்பானைப் பயன்படுத்த வேண்டுமானால், தாங்குமா என்று இன்னும் தெரியாத அந்தக் கட்டியின் மேலேயே நாம் ஏறி நின்றாக வேண்டும். ஆகவே ஆற்றில் முதலில் இறங்க வேண்டியது கடப்பாரைதான் (யாழ்ப்பாணத்தார் அலவாங்கு என்பார்கள்). ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஓங்கி ஒரு குத்து. ஓசை கெட்டியாக வந்தால் அடுத்த அடி, தொளதொளவென்று கேட்டால் வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். கழுத்தில் தொங்கும் கைக்கூர்முனைகளும் (நீரில் விழுந்தால் கட்டியில் குத்திப் பிடித்து மேலேறுவதற்கானவை), உடன் வரும் ஓர் ஆளும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கருவியோடு இலவசமாகத் தரும் அளவுக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோலின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அதைத் துளைக்குள் இறக்கி, பனிக்கட்டியின் அடிப்பரப்பில் மாட்டி, மேல்மட்டத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். ஏரியில் இது சரியாக வேலை செய்யும். ஆற்றிலோ, கடுங்குளிரில் ஓடும் நீர் பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே குளிர்ந்து, அதில் ஃபிரேசில் எனப்படும் நுண்ணிய பனித்தட்டுகள் உருவாகி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே உறைந்திருக்கும் தளத்தின் அடியில் கஞ்சிபோல் திரண்டுவிடுகின்றன. இரண்டாம் ஆண்டு சனவரியில் எங்கள் மூன்றாவது துளையில் கோல் 61 சென்டிமீட்டர் காட்டியது. மகிழ்ச்சியோடு எழுதப் போனபோது மைத்துனர் கோலை வாங்கிச் சற்று அசைத்து இழுத்தார். கொக்கி நழுவி மேலே வந்து, 43இல்தான் உறுதியாக நின்றது. இடையில் இருந்த 18 சென்டிமீட்டரும் குழைந்த பனிச்சேறு. கொக்கியின் நுனி அகலமாக இருப்பதால்தான் அது சேற்றிலேயே தங்கிவிடுகிறது. இப்போது மரச்சட்டத்தில் ஓர் ஆணியை வளைத்து அடித்த என் சொந்தக் கோலைத்தான் பயன்படுத்துகிறேன்.

தடிமன் என்ற ஒற்றை எண்ணை மட்டும் நம்புவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் தனியாக நடக்க 15 சென்டிமீட்டர், பலர் கூடிச் சறுக்கி விளையாட 20, பனி வண்டி ஓட்ட 25 என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் கூறுகிறது. ஆனால் வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்குத் தெளிந்த கட்டியின் பாதி வலுதான் உண்டு என்று கணக்கிடுவது வழக்கம். துளையின் சுவரைப் பார்த்தால் இரண்டும் கோடு போட்டதுபோல் தனித்தனியே தெரியும். அவற்றைத் தனித்தனியாகவே எழுத வேண்டும். இந்தத் துளைப்பான் சுவரைச் சீராகச் செதுக்குவதால் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. இது விளம்பரத்தில் எங்கும் சொல்லப்படாத சிறப்பு.

ஒரு துளையின் எண் பத்தடிக்கு அப்பால் செல்லாது. ஆற்று வளைவின் வெளிப்புறத்திலும், பாலத் தூண்களைச் சுற்றியும், மழைநீர் வடிகால் வந்து சேரும் இடத்திலும் நீரோட்டம் கட்டியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. உறைந்த பின் நீர்மட்டம் இறங்கினால் கரையோரக் கட்டி தாங்குவாரின்றி விரிசல் விட்டுத் தொங்கும். இந்த ஆற்றைப் பற்றிய அரசுத் தரவுகளையும் நான் பார்ப்பதுண்டு. நீரளவை நிலையங்களின் அட்டவணையில் குளிர்கால நாட்களுக்கு எதிரே ‘பி’ என்ற எழுத்து இருக்கும். பனிக்கட்டி நீரோட்டத்தைத் தடுத்து மட்டத்தை உயர்த்துவதால், மட்டத்தை வைத்து வழக்கம்போல் கணக்கிடும் நீரளவை அப்படியே கொள்ள முடியாது என்பதற்கான அடையாளம் அது. அது ஆற்றின் ஓட்டத்தைப் பற்றிய செய்தி. என் காலடியில் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு அதில் விடையில்லை.

பராமரிப்பில் கருவி கொஞ்சம் வீம்பு பிடிக்கும். கரையோரக் கட்டியில் மணல் கலந்திருந்தால் ஒரே துளையில் அலகு மழுங்கிவிடுகிறது. வளைந்த அலகு என்பதால் வீட்டில் சாணை பிடிக்க முயன்று ஒரு சோடியைக் கெடுத்தேன். மாற்று அலகுகளின் விலை கருவியின் விலையில் ஏறக்குறைய பாதி. மடிப்பை இறுக்கும் திருகு மிகச் சிறியது, கையுறையோடு பிடிக்க வராது. அலகை மூடும் பிளாஸ்டிக் உறையோ முதல் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டது. இந்த விலைக்கு இவற்றையாவது சரியாகச் செய்திருக்கலாம்.

ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால், தெற்கே பனி உருகிப் பெருகி வரும் நீர், இன்னும் உறைந்தே கிடக்கும் கீழ்ப்பகுதியில் முட்டி, கட்டிகள் அடைத்துக்கொண்டு வெள்ளம் ஏற்படுவது இங்கே பழைய கதை. அதைத் தணிக்கவே, ஆம்பிபெக்ஸ் என்ற மிதவை இயந்திரங்கள் குளிர்காலக் கடைசியில் செல்கர்க்குக்கு வடக்கே பனிக்கட்டியை உடைத்துவிடுகின்றன. அவை வேலையைத் தொடங்கினால் எங்கள் பருவமும் முடிவை நெருங்குகிறது என்று பொருள். சென்ற மார்ச்சில் ஒரு வெயில் நாளில் கடைசியாகத் துளையிட்டபோது, கருவி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே வந்த சீவல், சீவலாக இல்லாமல் மெழுகுவர்த்தித் துண்டுகள்போல் நீளநீளமான குச்சிகளாக உதிர்ந்தது. வெயில் படிகங்களின் இடுக்குகளில் புகுந்து உருக்கிவிட்டால், கட்டியின் தடிமன் அப்படியே இருக்க, வலு மட்டும் போய்விடும். இருவரும் இடைவெளி விட்டு வந்த தடத்திலேயே கரைக்குத் திரும்பினோம். குறிப்பேட்டில் அன்றைய வரியில் 58 சென்டிமீட்டர் என்றுதான் இருக்கிறது.