இயர் பிளக்கா, இயர்மஃபா, ஹெட்போனா? பதற்ற நோயோடு சத்தமும் தாங்காதவர்களுக்கு

எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது. அதோடு சத்தமும் தாங்காது. மிக்ஸி ஓடினாலே உடம்பு தூக்கிப்போடும். ஆடி மாதம் பிறந்தால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியை நினைத்தே தூக்கம் போய்விடும். இதே சிரமம் உள்ளவர்கள் முதலில் கேட்பது, எதை வாங்கலாம் என்றுதான். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சத்தத்தைக் குறைப்பது மட்டும்தான் கணக்கு என்றால் நுரை இயர் பிளக்கை மிஞ்ச முடியாது. விலை குறைவு, பாக்கெட்டில் 33 டெசிபல் (சத்தத்தின் அளவு) வரை குறைக்கும் என்றுகூடப் போட்டிருக்கும். ஆனால் விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. ஏனோதானோ என்று செருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. (பஞ்சு வைப்பதை விட்டுவிடுங்கள், அது தடுப்பது மிகக் கொஞ்சம்.)

சரி, அப்புறம் என்ன குறை? காதை இறுக்கி அடைத்தால் வெளிச்சத்தம் குறையும், உள்சத்தம் கூடும். மூச்சு, எச்சில் விழுங்குவது, சிலருக்கு நெஞ்சுத் துடிப்புகூடத் தலைக்குள் கேட்கும். பேனிக் அட்டாக் (திடீரெனப் பயம் உச்சத்துக்கு ஏறுவது) வருபவர்களுக்குத் துடிப்பைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பிவிடும். ஒரு கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்குப் பயந்து பிளக் வைத்தேன். பத்தே நிமிடத்தில் என் துடிப்பைக் கேட்டு நானே மிரண்டு, சாப்பிடாமல் வெளியேறிவிட்டேன். அந்தப் பயம் இல்லாதவர்கள் இரவில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைகளில் போடும், கிண்ணம் போல் காது முழுவதையும் மூடும் இயர்மஃபில் இந்தத் தொல்லை குறைவு. கிண்ணத்துக்குள் காற்று இடம் இருப்பதால் உள்சத்தம் அவ்வளவாக எழாது. நொடியில் கழற்றிவிடலாம். வியர்க்கும், தலையை இறுக்கும். தொடுவுணர்வும் கூசுபவர்களுக்கு ஒத்துவராது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. அதற்கு நான் பழகிவிட்டேன்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்குச் சில ஆயிரங்கள் ஆகும். பஸ் இன்ஜின், ஏசி போன்ற ஒரே சீரான இரைச்சலை அழகாக அடக்கும். திடீர் ஹாரனையும் பாத்திரம் விழும் சத்தத்தையும் அந்த அளவுக்குத் தடுக்காது. பழைய மன அதிர்ச்சியின் பாதிப்பு உள்ள சிலருக்கு, பின்னால் யார் வருகிறார் என்று கேட்காததே கூடுதல் பயம். அவர்கள் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் நாள் முழுக்கப் போடாதீர்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தொடர்ந்து இயர் பிளக் அணிந்தவர்களுக்குச் சத்தம் முன்னைவிட அதிகமாக உறைத்தது. மெல்லிய இரைச்சலைக் கேட்டபடி இருந்தவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது. எனக்கும் அதேதான் நடந்தது. வீட்டிலும் கழற்றாமல் இருந்த மாதங்களில் குக்கர் விசில்கூட இடியாகக் கேட்டது. மனநல மருத்துவரிடம் சொன்னபோது, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்.

இப்போது மண்டபத்துக்கு இயர்மஃப், நீண்ட பஸ் பயணத்துக்கு ஹெட்போன். வீட்டில் ஒன்றும் போடுவதில்லை. மின்விசிறிச் சத்தம் போதும். மிக்ஸி போடும் முன் அம்மா ஒரு குரல் கொடுப்பார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.