ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: வாங்கியதும், வரியில் திரும்பக் கிடைத்ததும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்த பழைய கரண்ட் ஹீட்டர் 14 வருஷம் உழைத்தது. 2025 நவம்பரில் அடித்தட்டில் துரு பிடித்துக் கசிய ஆரம்பித்தது. சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் 50 கேலன் ஹீட் பம்ப் ஹீட்டருக்கு மாறினோம்.

இதற்கு அமெரிக்க மத்திய அரசின் வரிச் சலுகை 2032 வரை உண்டு என்றுதான் நம்பியிருந்தேன். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை டிசம்பர் 31ஓடு முடித்துவிட்டது. பணம் கட்டிய தேதி கணக்கில்லை. பொருத்தி முடித்த தேதிதான் கணக்கு. முதலில் பேசிய கான்ட்ராக்டர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, "ஜனவரி முதல் வாரம் வர்றோம் சார்" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அட்வான்ஸைத் திரும்ப வாங்கி வேறொருவரைப் பிடித்தேன். டிசம்பர் 22 அன்று நாலு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். பில்லில் மாடல் நம்பர், பொருத்திய தேதி இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

கூலியோடு 4,800 டாலர். அந்தச் சலுகைக் கணக்கில் ஜன்னல், கதவுக்கெல்லாம் கூலி சேரவில்லை, இதற்குச் சேர்ந்தது. மின் நிறுவனம் தந்த 500 டாலர் தள்ளுபடியைக் கழித்து, மீதி 4,300க்கு 30 சதவீதம், 1,290 டாலர். ஹீட் பம்ப்புக்கு உச்சவரம்பு 2,000 ஆக இருந்தது. வரிக் கணக்கோடு சேர்க்கும் படிவம் 5695இல் காட்டினேன். நாம் கட்ட வேண்டிய வரியைத்தான் இந்தச் சலுகை குறைத்தது. வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் போனது போனதுதான், அடுத்த வருஷத்துக்கு வரவில்லை.

இனி ஹீட்டர். சத்தம் பழைய ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கும். காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் பேஸ்மென்ட் சில்லென்று ஆகிவிடுகிறது. துணி மடிக்கப் போகும்போது அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். காற்றின் ஈரம் குளிர்ந்து ஓரத்துக் குழாயில் சொட்டும் தண்ணீருக்கு வடிகால் வேண்டும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். சூடேறவும் நேரமாகும். பொங்கலன்று எல்லோரும் வரிசையாகத் தலைக்குக் குளித்ததில் நாலாவது ஆளுக்கு வெதுவெதுப்புதான். விருந்தாளிகள் வந்தால் முந்தின இரவே ஹைப்ரிட் மோடுக்கு, அதாவது தேவைப்பட்டால் கரண்ட் காயிலும் சேர்ந்து சுடவைக்கும் மோடுக்கு, மாற்றிவிடுகிறோம். ஜனவரி கரண்ட் பில், போன வருஷ ஜனவரியைவிட 35 டாலர் குறைவு.

இப்போது வாங்குகிறவர்களுக்கு அந்த 30 சதவீதம் கிடையாது. மின் நிறுவனத் தள்ளுபடி உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். பழைய ஹீட்டர் நன்றாக ஓடினால் கழற்றச் சொல்ல மாட்டேன். கசியத் தொடங்கிவிட்டதென்றால் இதையே வாங்குங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.