பழைய போலோவுக்கு கோனி ஷாக் அப்சார்பர்: பின் சீட்டும் திட்டாது, வளைவும் பயமுறுத்தாது

ஃபோக்ஸ்வேகன் போலோவை 2022-லேயே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கோவையில் அதை வைத்திருப்பவர்கள் யாரும் விற்கிற மாதிரி தெரியவில்லை, நானும் அந்தக் கூட்டம்தான். வண்டிக்கு வயசானால், ஸ்பிரிங் ஆடுவதை அடக்குகிற ஷாக் அப்சார்பர் படுத்துவிடும். ஸ்பீடு பிரேக்கர் இறங்கியதும் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கினால், ஹைவேயில் பாலம் முடிகிற இடத்தில் வண்டி மிதக்கிற மாதிரி இருந்தால், மாற்றுகிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் கசிந்தால்தான் போச்சு என்று நினைக்காதீர்கள், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளே வால்வு தேய்ந்து போயிருக்கும்.

கம்பெனியிலிருந்து வருகிற அதே மாதிரி ஷாக்கை வாங்கிப் போட்டால் வண்டி புதுசாக இருந்த நிலைக்குத் திரும்பும், பலருக்கு அதுவே போதும். எனக்கு வால்பாறை ரோடு பிடிக்கும், வீட்டில் அம்மாவுக்கு முதுகு வலி, இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டியிருந்தது. பில்ஸ்டீன் கம்பெனியின் பி6 ஷாக் போட்ட நண்பனின் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. ஒற்றைக் குழாய், உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு, மலையில் தொடர்ந்து விரட்டினாலும் ஆயில் நுரைத்துத் தளர்ந்து போகாது. ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ரோட்டில் போட்ட ஒவ்வொரு ஒட்டும் இடுப்புக்குத் தெரிகிறது. அதே கம்பெனியின் பி8 இன்னும் குட்டை, தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகச் செய்தது, நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கடைசியில் வாங்கியது நெதர்லாந்துக் கம்பெனியான கோனியின் ஸ்பெஷல் ஆக்டிவ். முன்னால் எஃப்எஸ்டி என்ற பெயரில் விற்றதுதான், இப்போது சிவப்பு நிறத்தில் வருகிறது. பெயரைவிட உள்ளே நடக்கிற வேலைதான் சுவாரசியம். சாதாரண ஷாக் அப்சார்பர் பிஸ்டன் நகரும் வேகத்துக்கு ஏற்ப இறுகும், அவ்வளவுதான், அது சக்கரம் அதிர்வதாலா வண்டியே சாய்வதாலா என்று பிரித்துப் பார்க்காது. இதில் ஆயிலுக்குக் கூடுதலாக ஒரு பக்கவழி இருக்கிறது. சக்கரம் படபடவென்று அதிர்ந்தால் ஆயில் அந்த வழியாகவும் ஓடி இறுக்கம் குறைந்துவிடும்; வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போதும் பிரேக் அடித்து மூக்கு குனியும்போதும் உள்ளே அழுத்தம் சேர்ந்து அந்த வழி மூடிக்கொள்ளும், இறுக்கம் ஏறும். சென்சார், ஒயர், பட்டன் எதுவும் கிடையாது, எல்லாம் ஆயிலும் வால்வும்தான்.

ஓட்டினால் தெரிகிறதா? நன்றாகவே தெரிகிறது. அவினாசி ரோடு ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் இணைப்புகளைக் கடக்கும்போது டப் டப் என்று சத்தம் கேட்கும், உடம்புக்கு வருவது அதில் கொஞ்சம்தான். ஆழியாறு தாண்டி ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, அங்கேதான் காசு எங்கே போனது என்று புரிந்தது: ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரே தடவை சாய்ந்து அப்படியே நிற்கிறது, வளைவுக்கு நடுவில் பள்ளம் வந்தாலும் ரோட்டை விடுவதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாந்தி வரவில்லை, இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவையில்லை. ஆனால் பி6 தருகிற அந்தக் கத்தி மாதிரியான கூர்மை இதில் இல்லை, அதுதான் வேண்டும் என்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். பெரிய பள்ளத்தில் வேகமாக இறங்கினால் இதுவும் அடிக்கத்தான் செய்யும். விலையும் சாதாரண ஷாக்கைவிடப் பல மடங்கு, அதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு "ஒன்றும் வித்தியாசம் இல்லையே" என்று புலம்புபவர்கள் நிறைய. ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், லிங்க் ராடு, லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ் என்று ஷாக்கைச் சுற்றி இருக்கிற இந்தச் சில்லறைச் சாமான்கள் பழசாகவே இருந்தால் லொடலொட சத்தம் அப்படியேதான் இருக்கும், காசோடு காசாக இதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் ஜோடியாக. புஷ் மாற்றினால் அந்த போல்ட்டை வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கிற நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். நான் போன ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் தொங்கவிட்டே இறுக்கப் பார்த்தார்கள், அப்படி இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. முடிந்ததும் வீல் அலைன்மென்ட், அது சொல்லவே தேவையில்லை.

டயரையும் பாருங்கள். போலோவில் 14 இஞ்ச் வீலுக்கான 175/70 ஆர்14 டயரும் வந்தது, 16 இஞ்ச் வீலுக்கான 195/55 ஆர்16 டயரும் வந்தது. டயரின் பக்கச்சுவர் உயரம் முதலாவதில் சுமார் 122 மில்லிமீட்டர், இரண்டாவதில் 107. அந்தப் பதினைந்து மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் தருகிற சொகுசை எந்த ஷாக்கும் திருப்பித் தராது, அதனால் 16 இஞ்ச் வீல் போட்டுவிட்டு வண்டி குதிக்கிறது என்றால் ஷாக்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகவே எப்போதும் போகிறவர்கள் கோனிக்குச் செலவு செய்து பின்பக்கம் தூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் இல்லை. அதற்கென்று ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் சொருகுகிற ரப்பர் பஃபர் ஆக்சஸரீஸ் கடைகளில் தொங்கும். அது அந்தச் சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது, உயரம் கொஞ்சம் கூடும், கூடவே ஸ்பிரிங்கும் கல்லாகிவிடும். கோனியைப் போட்டுவிட்டு அதையும் சொருகினால் கொடுத்த காசு தண்டம்.