கூப்பாடா, அலறலா?

இரண்டும் உரத்த குரல்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

கூப்பாட்டின் வேர் 'கூ' என்ற ஒலிக்குறிப்பு. கூவு, கூக்குரல், கூப்பிடு எல்லாம் அதன் உறவு. சாப்பிடு சாப்பாடு ஆனதுபோல் கூப்பிடு கூப்பாடு ஆனது. எனவே அதில் யாரையோ அழைக்கும் நோக்கம் ஒட்டியிருக்கிறது: "திருடன், திருடன் என்று கூப்பாடு போட்டார்." இன்று அதில் ஏளனமும் ஏறிவிட்டது. "சும்மா கூப்பாடு போடாதே" என்றால் வெற்றுக் கத்தல் என்றே பொருள். பாதிக்கப்பட்டோரின் முறையீட்டைக் கூப்பாடு என எழுதினால் இளக்காரம் தொனிக்கும். அங்கே கூக்குரல் பொருத்தம்.

அலறலுக்குச் சொற்களே வேண்டாம். அலறு என்ற வினையோடு 'அல்' விகுதி சேர்ந்தது. வலியோ திகிலோ தொண்டையைப் பிளப்பது அது. தூக்கத்தில் அலறலாம், கூப்பாடு போட முடியாது. சைரனும் அலறும். வல்லின 'ற' கட்டாயம்: 'அலர்' என்றால் பூ, சங்க அகப்பாடல்களில் ஊரார் பேசும் பழிச்சொல். 'அலரல்' என்று எழுதினால் பூத்தல் என்றாகிவிடும்!

வினை சேர்ப்பதிலும் கவனம்: கூப்பாடு 'போடுவது', அலறல் 'கேட்பது'. ஆள் செய்வதைச் சொல்ல 'அலறினார்' போதும்.