ஜேமர்சன் டோனுக்காக ஹெவி ஃப்ளாட்வவுண்ட் மாட்டி வருஷக்கணக்கா வாசிச்ச அனுபவம்

ஸ்ட்ரிங் வாங்கின ரெண்டாவது நாளே "டோன் வேற லெவல்"னு போடற ரிவ்யூ நெறய இருக்கு. பேஸ் கிடார்ல மாட்டற ஃப்ளாட்வவுண்டுக்கு, அதாவது மேல தட்டையான கம்பி சுத்தின வழுவழு ஸ்ட்ரிங்குக்கு, அதெல்லாம் ஒண்ணுத்துக்கும் உதவாது, ஏன்னா புதுசுல கேக்கற சவுண்டு வேற, ஒரு வருஷம் வாசிச்சு எண்ணெயும் வேர்வையும் ஏறுனப்பறம் கேக்கற சவுண்டு வேற. நான் சொல்லப்போறது சில வருஷமா கழட்டாம மாட்டியே வெச்சிருக்கற ஒரே ஒரு செட்ட பத்தி. லா பெல்லா கம்பெனியோட ஹெவி செட், இருக்கறதுலயே மெல்லிசான ஜி ஸ்ட்ரிங் .052 இஞ்சு, தடிச்ச இ ஸ்ட்ரிங் .110, அமெரிக்காவுல மோடவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் போட்டிருந்த அதே கேஜ், அதாவது அதே தடிமன். மாட்டியிருக்கறது ஃபெண்டரோட வெல கம்மி பிராண்டான ஸ்கொயர்ல வர்ற ஒரு பிரிசிஷன் பேஸ்ல, வின்டேஜ் கிண்டேஜ்லாம் இல்ல.

ஜேமர்சன் யாருன்னு கேக்கறவங்களுக்கு, "மை கேர்ள்" பாட்டு ஆரம்பத்துல எல்லாத்துக்கும் முன்னாடி வர்ற பேஸ் இருக்கே, 1964, அது இவர்தான். 1936-ல சவுத் கரோலினால பொறந்து, 1954-ல டெட்ராய்ட் வந்து, ஸ்கூல்ல டபுள் பேஸ், அதான் நின்னுக்கிட்டு வாசிக்கற ஆள் உயர பேஸ், கத்துக்கிட்டு ஜாஸ் கிளப்புல வாசிச்சுட்டு இருந்த ஆளு. அப்பறம் மோடவுன் ஹவுஸ் பேண்டு ஃபங்க் பிரதர்ஸ்ல சேந்து 60கள் முழுக்க ஹிட்டு ஹிட்டா வாசிச்சுத் தள்ளினார், ஆனா ரெக்கார்டு உறையில பேரே கெடையாது. மார்வின் கேயோட 1971 ஆல்பம் "வாட்ஸ் கோயிங் ஆன்"லதான் மோடவுன் முதல்தடவையா வாசிச்சவங்க பேரெல்லாம் போட்டுச்சு, அதுல இவர் பேருக்கு முன்னாடி மட்டும் "ஈடு இணையில்லாத"ன்னு ஒரு பட்டம் வேற.

அவரோட பேஸ் 1962 ஃபெண்டர் பிரிசிஷன், சன்பர்ஸ்ட் கலர், ஃபங்க் மெஷின்னு பேரு. ஸ்ட்ரிங் அதிர்வ பிடிக்கற பிக்கப் மேல ஒரு குரோம் மூடி, ஸ்ட்ரிங்கோட அடி முனை ஒக்கார்ற பிரிட்ஜ் மேல ஒரு குரோம் மூடி, பிரிட்ஜ் மூடிக்குள்ள ஸ்ட்ரிங்க அமுக்கற மாதிரி ஃபெண்டர் கம்பெனியே வெச்சு அனுப்பின ஸ்பான்ஞ்சு. ஸ்ட்ரிங் அறுந்தாதான் மாத்துவாராம். அழுக்கு போனா ஃபங்க்கும் போயிடும்ங்கறது அவர் கட்சி. 70கள் ஆரம்பத்துல ஒரு புரொட்யூசர் ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டக் கம்பி சுத்தின ஸ்ட்ரிங், போட்டுப் பாருங்க, சவுண்டு பளிச்சுனு வரும்னு கேட்டிருக்கார், மனுஷன் மரியாதையா முடியாதுன்னுட்டார். அந்த பேஸ் 1983-ல அவர் சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி திருடு போச்சுங்கறத நெனச்சா இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

இந்த டோன தேடறவங்க முக்கால்வாசி பேரு ஈக்யூல தேடறாங்க, பேஸ கூட்டு, ட்ரெபிள கொறை, டோன் நாப மூடுன்னு. நான் இத்தனை நாள் வாசிச்சதுல என் கட்சி என்னன்னா, ஜேமர்சன் டோன்னு நம்ம காதுக்கு படறதுல பெரும்பங்கு ஒரு நோட்டு எவ்ளோ நேரம் நிக்குது, எப்படி செத்துப் போகுதுங்கற விஷயம். தவில்ல தொப்பி பக்கம் அடிச்சா எப்படி "தும்"முனு விழுந்து அங்கேயே நிக்குமோ அப்படி நிக்கணும், ஆனா ஸ்ருதி மட்டும் தெளிவா கேக்கணும். ஸ்ட்ரிங், ஸ்பான்ஞ்சு, வெரல் மூணும் சேந்து செய்யற வேல இதான், ஈக்யூவால இத செய்யவே முடியாது.

சரி, ஸ்ட்ரிங்குக்கு வருவோம். சாதாரணமா நம்ம மாட்டற செட்டு .045-ல ஆரம்பிச்சு .105-ல முடியும். இது .052–.110ன்னதும் இ ஸ்ட்ரிங்ல கொஞ்சம்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா அடி ஜி ஸ்ட்ரிங்லதான் விழும். வெரல் வெச்சு அழுத்தறப்ப எதோ கம்பி வேலிய அழுத்தற ஃபீல். டென்ஷன் ஏறுறதால நெக் முன்பக்கமா வளையும், நெக்குக்குள்ள ஓடற ட்ரஸ் ராடுங்கற கம்பிய டைட் பண்ணாம வாசிக்கவே முடியாது, நெக்கோட மேல் முனையில ஸ்ட்ரிங்க தாங்கற நட்டுல இருக்கற காடி பத்தாம ஸ்ட்ரிங் மேல தூக்கிட்டு நிக்கும், அத ஃபைல் போட்டு அகலப்படுத்தணும். இதெல்லாம் தெரிஞ்ச கிடார் டெக் ஒருத்தர்கிட்ட குடுத்து பண்ணிக்கறது நல்லது. என் டெக் அண்ணன் செட்ட கையில வாங்கிப் பாத்துட்டு, "தம்பி, இது பேஸுக்கா இல்ல பாலத்துக்கா"ன்னுதான் கேட்டார். ஆனா ஒருதடவ செட்டாச்சுன்னா அப்படியே நிக்குது. நம்ம ஊரு வெக்கையிலயும் ஏசி ஹாலுக்கும் வெளிய ஸ்டேஜுக்கும் மாறி மாறி போறதுலயும் நெக் கொஞ்சம் அசையத்தான் செய்யும், மழைக்காலத்துல ஒருதடவ ட்ரஸ் ராட தொட வேண்டியிருக்கும், அவ்ளோதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்ட்ரிங்ங்கறதால துருவும் பெருசா பிடிக்கல.

ஒண்ணு சொல்லணும், ஆக்‌ஷன, அதான் நெக்குக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரத்த, ஜேமர்சன் அளவுக்கு தூக்கி வெக்கறேன்னு யாரும் கிளம்பாதீங்க. அவர் பேஸ எடுத்து வாசிச்சுப் பாத்த மத்தவங்க இத வாசிக்கவே முடியாதுன்னுதான் சொல்லியிருக்காங்க, நெக் வளஞ்சுபோயிருக்கலாம்னு ஒரு பேச்சும் இருக்கு. அவர் டபுள் பேஸ்ல பழகின கை, தாங்கும். நமக்கு மணிக்கட்டு போயிடும். கொஞ்சம் உயரமா, ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல இடிச்சு "கிர்"ருனு சத்தம் வராம இருந்தாலே போதும், அதுக்கு மேல தூக்கினதுல எனக்கு டோன்ல பெருசா ஒண்ணும் கெடைக்கல.

புதுசா மாட்டினப்ப ஏமாந்துடாதீங்க, மொதல்ல கொஞ்ச மாசம் இது "டங்"குனு ஒரு பியானோ கம்பி மாதிரியான பளபளப்போடதான் இருக்கும். பழைய ரெக்கார்டு சவுண்டு எங்கடான்னு டோன் நாப மூடத் தோணும். மூடாதீங்க. ஜேமர்சன் வால்யூமும் டோனும் ஃபுல்லா தெறந்துதான் வெச்சிருந்தார், இது ரொம்ப பேருக்கு தெரியாது. ஸ்ட்ரிங்கே பழசாகி மேல் ஃப்ரீக்வன்சி செத்துப் போயிருந்தா நாப தெறந்து வெச்சாலும் கூசாது, அதே நேரம் வெரல் ஸ்ட்ரிங்ல படற அந்த "தக்" மட்டும் உள்ளாற நிக்கும். நாப மூடிட்டா அந்த தக்கும் சேந்து போயிடும், வெறும் கொழகொழன்னு ஒரு முனகல்தான் மிஞ்சும். ரவுண்ட்வவுண்ட் போட்டு நாப மூடி வாசிக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே அந்த தக்குலதான் இருக்கு.

அடுத்து ஸ்பான்ஞ்சு. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா இதுல விட்ட நேரம் வேற எதுலயும் நான் விடல. பாத்திரம் தேய்க்கற ஸ்பான்ஞ்சுல மஞ்சப் பகுதிய வெட்டி வெச்சா ரொம்ப மெத்துன்னு இருக்கு, ஸ்ட்ரிங்க சரியா பிடிக்க மாட்டேங்குது. டிவி பொட்டிக்குள்ள வர்ற வெள்ள தெர்மோகோல் மாதிரி கெட்டியான ஃபோம் வெச்சா நோட்டே வரல, இ ஸ்ட்ரிங்ல எஃப் வாசிச்சா ட்யூனரே முழிக்குது. எனக்கு செட்டானது லேப்டாப் பேக் உள்பக்கம் தெக்கற ஒரு கருப்பு ஃபோம், ஒரு வெரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, ஸ்ட்ரிங்குக்கு அடியில, பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் ஒக்கார்ற சாடிலுக்கு ஒட்டி நிக்கற மாதிரி சொருகினது. ஸ்ட்ரிங்க அது தொடணும், தூக்கக் கூடாது. தூக்கிச்சுன்னா ஸ்ருதி கொஞ்சம் ஏறும், பன்னெண்டாவது ஃப்ரெட்ல போய் செக் பண்ணா தெரிஞ்சுடும். இ ஸ்ட்ரிங் பக்கம் ஃபோம கொஞ்சம் சாய்வா சீவி விடுங்க, இல்லன்னா தடிச்ச ஸ்ட்ரிங் அதிகமா அமுங்கி கீழ் நோட்டெல்லாம் சொத சொதன்னு போயிடும், ஜி மட்டும் நல்லா கேக்கும். வெயில்ல கார் டிக்கில வெச்சா ஃபோம் பிசுபிசுன்னு ஆயிடும், அமுங்கி அமுங்கி தட்டையாவும் ஆயிடும், அதனால அப்பப்ப மாத்தணும், ஆனா ஸ்ட்ரிங்க மாத்தாத!

வெரலு. ஜேமர்சன் வலது கையில ஆள்காட்டி வெரல் ஒண்ணுலதான் வாசிச்சார், மத்த வெரல் பிக்கப் மூடி மேல சும்மா ஒக்காந்திருக்கும். அந்த ஒத்த வெரலுக்கே ஹூக்குன்னு ஒரு பேரு வெச்சிருந்தாங்க. ரெண்டு வெரல்ல மாத்தி மாத்தி வாசிச்சு பழகின நமக்கு இது மொதல்ல கிறுக்குத்தனமா தெரியும். ஆனா எல்லா நோட்டும் ஒரே வெரல்ல வர்றதால ஒவ்வொரு நோட்டோட ஆரம்பமும் ஒரே குணமா இருக்கும், மெல்லிசு ஸ்ட்ரிங்ல இருந்து தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு வர்றப்ப வெரல தூக்காம அப்படியே இழுத்துட்டு வரலாம், அந்த இழுவையில ஒரு சின்ன தள்ளாட்டம் விழும் பாருங்க, அதுதான் அந்த க்ரூவ். கூடவே அவர் எடது கை வெரல் வெக்காத ஓப்பன் ஸ்ட்ரிங்க தாராளமா போடுவார், டபுள் பேஸ் பழக்கம், ஒரு பொசிஷன்ல இருந்து இன்னொண்ணுக்கு தாவறப்ப நடுவுல ஒரு ஓப்பன் ஏ, ஓப்பன் டின்னு. ஃபோம் இல்லாம இத பண்ணா ஓப்பன் ஸ்ட்ரிங் கொய்ங்னு நீண்டுட்டு லைனையே கெடுக்கும், ஃபோம் இருந்தா ஃப்ரெட் பண்ண நோட்டும் ஓப்பன் நோட்டும் ஒரே நீளத்துல நிக்கும். இது எனக்கு புரிஞ்சப்பறம்தான் ஸ்பான்ஞ்சு ஏதோ டோனுக்கு வெச்சதில்ல, அந்த மாதிரி லைன வாசிக்க முடியறதே அதாலதான்னு ஒறச்சது.

ஒத்த வெரல்ல ஸ்டீவி வொண்டரோட 1967 "ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்" ஒரிஜினல் ஸ்பீடுல வாசிச்சுப் பாருங்க, பாதியில முழங்கை வரைக்கும் இழுக்கும். நான் இப்ப ஸ்லோ, மீடியம் பாட்டெல்லாம் ஒத்த வெரல், பதினாறாம் கால நோட்டா கொட்டற எடத்துல மட்டும் கூச்சப்படாம ரெண்டாவது வெரல கூப்புட்டுக்கறேன். ப்யூரிஸ்டுங்க திட்டட்டும்.

ரெக்கார்டிங் பக்கம். ஆம்பெக் பி-15 ஆம்ப் மாதிரி சவுண்டு வேணும்னு பெடல், ப்ளக்இன்னு நெறய பேரு செலவு பண்றாங்க. அந்த ஆம்ப் அவர் கிளப்புல வாசிக்க வெச்சிருந்தது. மோடவுனோட ஸ்டுடியோ ஏ-ல, அதான் ஸ்னேக்பிட்டுனு சொல்ற அந்த ரூம்ல, கிடார்காரங்களோட சேந்து நேரா மிக்ஸிங் போர்டுலதான் பெரும்பாலும் சொருகி வாசிச்சார், லெவல கொஞ்சம் தூக்கி வெச்சு ட்யூப் லேசா பிதுங்கற அளவுக்கு. அதனால எனக்கு செட்டப்பு ரொம்ப சிம்பிள். ட்யூப் வெச்ச ஒரு டிஐ, அதான் ஆம்ப் இல்லாம பேஸ நேரா ரெக்கார்டிங்குக்கு அனுப்பற பொட்டி, அதுல கெயின தட்டினா நசுங்கற அளவுக்கு, பூ மாதிரி வாசிச்சா சுத்தமா இருக்கற அளவுக்கு. கம்ப்யூட்டர்ல 40 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டு, மேல 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெதுவான இறக்கம், 700–800 பக்கம் சின்னதா ஒரு மேடு. அவ்ளோதான். காசு குடுத்து வாங்கின ஒரு வின்டேஜ் பேஸ் ப்ளக்இன் இருக்கு, தொட்டு ரொம்ப நாளாச்சு.

தனியா சோலோ பண்ணி கேட்டா இந்த டோன் நல்லாவே இருக்காது, அத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. மங்கலா, பழைய மரப்பெட்டிய தட்டற மாதிரி ஒரு சவுண்டு, வீட்ல கேக்கறவங்க "இது ரிப்பேரா"ன்னு கேப்பாங்க. ட்ரம்ஸ் வந்தப்பறம்தான் வேல தெரியும், கால்ல அடிக்கற கிக் ட்ரம்மோட சண்ட போடாம அதுக்கு பக்கத்துலயே ஒக்காந்துக்கும், நோட்டு சீக்கிரம் செத்துடறதால பாடறவங்களுக்கு நெறய எடம் கெடைக்கும், அதனாலதான் ஜேமர்சனால அவ்ளோ நோட்டு வாசிச்சும் பாட்ட மறைக்காம இருக்க முடிஞ்சுது. அதே லைன நோட்டு நீண்டு நிக்கற பேஸ்ல வாசிச்சா பாட்டுக்காரர் மைக்க வெச்சுட்டு போயிடுவார்.

நம்ம லைட் மியூசிக் ஸ்டேஜ்ல இதோட நான் பட்ட பாடு தனி. ஸ்லோ மெலடிக்கு அமோகமா இருக்கும், பழைய பாட்டுன்னா கேக்கவே வேணாம். ஆனா நோட்டு நீண்டு நிக்க வேண்டிய எடத்துல, சிந்த் பேஸ் வர்ற புது பாட்டுல எல்லாம் இது செத்த சவுண்டு, கீபோர்டு அண்ணன் எடது கைய எறக்கிட்டார்னா நான் மேடையில இருக்கறதே யாருக்கும் தெரியாது. கட்டை வெரலால ஸ்ட்ரிங்க அடிச்சு வாசிக்கற ஸ்லாப் சுத்தமா முடியாது. ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பேஸே இல்லாத மாதிரி இருக்கும், மேல் ஃப்ரீக்வன்சிதான் இல்லையே, ரீல்ஸ் போடறவங்களுக்கு இது சரிப்படாது. ஒரே ஒரு பேஸ்தான் வெச்சிருக்கீங்கன்னா இந்த செட்டுக்கு போகாதீங்க, அதே கம்பெனியோட கம்மி டென்ஷன் ஃப்ளாட்வவுண்ட் இருக்கு, .042-ல இருந்து .100 வரைக்கும், அது கைக்கு இதமா இருக்கும், டோனும் முக்கால்வாசி கெடைக்கும். ரெண்டாவது பேஸு சும்மா கெடக்குன்னா தாராளமா இத மாட்டுங்க.

வெல ஜாஸ்திதான், சாதா ரவுண்ட்வவுண்ட் செட்டு ரெண்டு மூணு வாங்கற காசு ஆகும். ஆனா மாத்தவே போறதில்லங்கறதால வருஷத்துக்கு கணக்கு போட்டா சீப்பு. என் செட்டுல ஏ ஸ்ட்ரிங் நட்டு பக்கத்துல மேல சுத்தியிருக்கற சில்க் நூல் பிரிய ஆரம்பிச்சிருக்கு, அறுந்து போறதுக்குள்ள ஒரு பழைய ஸ்ட்ரிங் கையில வெச்சுக்கணும்னு பாக்கறேன், ஏன்னா மூணு பழசோட ஒரு புதுசு சேந்தா அது மட்டும் தனியா கத்தும். யாராவது இதே .052 செட்ட மாட்டிட்டு கை வலிக்குதுன்னு கழட்டி வெச்சிருந்தா சொல்லுங்க, வாங்கிக்கறேன். ஃபெண்டர் ஸ்கேல், அதாவது நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் 34 இஞ்சு, அதுக்கு கட் பண்ணதா இருக்கணும், நீளம் கம்மியான ஷார்ட் ஸ்கேல் பேஸ்ல போட்டு வெட்டினது எட்டாது.