டைல்ஸ் வேலைக்கான சீப்பு, பானை ஓட்டுக்கு உதவுமா? ஏழு மாத அனுபவம்

கடையில் ப்ரொஃபைல் கேஜ் என்று கேட்டேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. "டைல்ஸ் போடுறவங்க குழாய் ஓரத்துக்கு வளைவு எடுப்பாங்களே, அந்தச் சீப்பு" என்றதும் உடனே எடுத்து வைத்தார். பத்து அங்குல நீளம், நெருக்கமான பிளாஸ்டிக் பற்கள், அசையாமல் நிறுத்த ஒரு பூட்டு. விலை 340 ரூபாய். ஒரு பொருளின்மீது அழுத்தினால் அதன் வளைவுக்கு ஏற்பப் பற்கள் பின்வாங்கும். அந்தக் கோட்டை அப்படியே தாளில் வரைந்துகொள்ளலாம்.

நான் வைகைக் கரையில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். தொன்மை மன்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை கண்மாய்க் கரை, திடல், மேடு என்று நடப்போம். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இதே ஆற்றின் இரு கரையிலும் ஊர் ஊராகத் தேடி 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் 2015இல் அகழாய்வு தொடங்கிய கீழடி. அங்கே முதலில் நடந்ததும் நடைதான். உழவில் மேலே வந்த ஓட்டாஞ்சில்லைக் குனிந்து பார்த்ததுதான்.

எங்கள் நடைக்கு ஒரே கட்டுப்பாடு: கையில் எடுத்துப் பார்த்தாலும் ஓடு கிடந்த இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்துப்போவது தவறு என்பது ஒரு பக்கம். எந்த மேட்டில், எந்தச் சரிவில், எவற்றுக்கு நடுவே கிடந்தது என்பதுதான் அந்த ஓடு சொல்லும் செய்தி. அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. ஆனால் விளிம்பின் வடிவம் தெரியாமல் என்ன பானை என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுப்போம். வளைவு ஒரு படத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி வரும். இந்தச் சீப்பு வந்த பிறகு கோடு நோட்டுக்கு வருகிறது, ஓடு மண்ணிலேயே இருக்கிறது. எனக்கு இதுவே பெரிய விஷயம்.

வேலை இப்படி. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்த அட்டைமேல் விளிம்பைக் கவிழ்த்து வைப்போம். அடியில் வெளிச்சம் கசியாதபடி மெல்ல ஆட்டிப் பார்த்தால் ஓடு தானாக ஒரு சாய்வில் உட்காரும். அதுதான் பானை முழுசாக இருந்தபோது விளிம்பு நின்ற சாய்வு. எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அது வாயின் அகலம். அந்தச் சாய்விலேயே பிடித்துக்கொண்டு சீப்பை வெளிப்புறம் அழுத்திப் பூட்டைப் போட்டு, கட்டம் போட்ட தாளில் கோடு இழுக்க வேண்டும். ஓட்டின் தடிமனைக் காலிப்பரில் தனியாக அளக்க வேண்டும், சீப்பு அதைச் சொல்லாது.

போன மாசியில் ஒரே திடலின் இரண்டு ஓரங்களில் எடுத்த கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கிழக்கு ஓரத்தில் மெல்லிய கிண்ணம், கலயம், சின்ன வாய்ப் பானை. மேற்கே கனமான, சொரசொரப்பான பெரிய விளிம்புகள், இறந்தவர்களைப் புதைக்கும் பெரிய பானையான முதுமக்கள் தாழிக்கு உரியவை போல. "டீச்சர், இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் இடுகாடா?" என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். கீழடியில் மக்கள் வாழ்ந்த இடம், பக்கத்திலேயே கொந்தகையில் தாழிகள் புதைத்த இடம் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தேன். உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. உழுத ஓடு நகரும், வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பழைய ஊரையே மூடிவிடும், ஓடு தெரியாத இடத்தில் ஊரே இல்லை என்றும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துபோனது.

குறைகளும் உண்டு. பற்கள் ஒரே திசையில்தான் போகும். உதடு வெளியே மடிந்த விளிம்பு என்றால் மடிப்புக்கு அடியில் சீப்பு நுழையாது. இரண்டு கோணத்தில் எடுத்துக் கையால் இணைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் என்பதால் கோடு படிக்கட்டு மாதிரி வரும், ஓட்டைக் கண்ணால் பார்த்துத்தான் வழவழப்பாக்க வேண்டும். ஆற்று மணல் ஏறிவிட்டால் நாலைந்து பற்கள் சிக்கிக்கொள்ளும். பழைய டூத்பிரஷ் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தண்ணீரில் அலசினால் நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இரும்புக் கம்பிப் பற்கள் உள்ளதையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். கோடு இன்னும் நுணுக்கமாக விழுகிறது, மறுக்க முடியாது. ஆனால் மானாமதுரைப் புதுச் சட்டி ஒன்றில் அழுத்தியபோதே கீறல் விழுந்தது. பழங்காலக் கருப்பு-சிவப்புப் பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாமல் கருத்த உட்புறம் இன்றைக்கும் பளபளவென்று இருக்கும். இத்தனை நூற்றாண்டு தாங்கிய அந்த மெருகில் இரும்பை வைக்க எனக்கு மனசு வராது.

அதனால் பூட்டு உள்ள பிளாஸ்டிக்கையே வாங்குங்கள். பூட்டு இல்லாதது தாளுக்கு வருவதற்குள் கலைந்துவிடும். தாழி விளிம்புக்குப் பத்து அங்குலம் வசதி. கிண்ணத்துக்கும் சின்னப் பிள்ளைகளின் கைக்கும் ஐந்து அங்குலம் போதும். அடுத்த நடைக்கு அதில் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.