ஆண்கள் இதழ், பெண்கள் இதழ்: யார் வாசகரை நன்றாகக் கூப்பிடுகிறார்கள்?

அட்டைப்பட முகம், நிறம், விளம்பரம் எல்லாம் மாறும் என்பது தூரத்திலிருந்தே தெரியும். வித்தியாசம் நிஜமாக இருப்பது வாசகரிடம் பேச்சுக் கொடுக்கும் விதத்தில். அதில் என் ஓட்டு பெண்கள் இதழுக்குத்தான்.

1693இல் லண்டனில் வந்த ‘லேடீஸ் மெர்க்குரி’ பெண்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே தொடங்கப்பட்டது. நாலே இதழில் நின்றும் போனது. 1731இல் எட்வர்ட் கேவ் ஆரம்பித்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ செய்தியும் கட்டுரையுமாகச் சேர்த்துக் குவித்தது. மேகசின் என்ற சொல்லுக்கே முதலில் கிடங்கு என்றுதானே பொருள். ஒருவர் கேள்வி கேட்கச் சொன்னார், இன்னொருவர் சரக்கை அடுக்கினார். இன்றைக்கும் அந்த வாடை போகவில்லை.

வறண்ட சருமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இதழ் ‘முகம் கழுவியதும் தோல் இழுக்கிறதா?’ என்று பிரச்சினையில் தொடங்கும். ஆண்கள் இதழ் ‘ஷேவிங்குக்குப் பிறகு 2 நிமிட வேலை’ என்று போடும். உள்ளே இரண்டிலும் ஒரே யோசனை: ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவு. உதவி கேட்பதாகக் காட்டிக்கொள்ள ஆண் கூசுவான் என்ற கணக்கில் ஆலோசனைக்கு வேலை வேஷம் போடுகிறார்கள். கிண்டலும் அதே வேஷம்தான். எல்லாவற்றையும் கிண்டலோடு பேசிய பிரிட்டிஷ் ஆண்கள் இதழ் ‘லோடட்’ 1994இல் வந்தது, 2015இல் அச்சை நிறுத்தியது.

பெண்கள் இதழின் பலம் கேள்வி-பதில் பக்கம். செய்வது சுலபமில்லை. கடிதத்தை 60 சொல்லுக்குள் சுருக்கலாம், ஆனால் உயிருள்ள ஒரு விவரத்தை வெட்டக் கூடாது. ‘கணவர் சரியாகப் பேசுவதில்லை’ என்றால் கண் தாண்டிப் போய்விடும். ‘சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறார்’ என்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். பதில் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும், காரணம் பிறகு, கடைசியில் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியம். கடிதம் வரவில்லையென்று ஆசிரியர் குழுவே எழுத ஆரம்பித்தால் கதை கந்தல்: எல்லாக் கடிதமும் ஒரே நடையில், ஒரு பிழைகூட இல்லாமல் இருக்கும். வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு கோளாறு விளம்பரம். க்ரீம் பற்றிய கேள்விக்கு எதிர்ப்பக்கத்தில் க்ரீம் விளம்பரம் வந்தால் பதிலை யார் நம்புவார்? தங்கள் பொருளுக்குத் தோதான கட்டுரை கேட்டு விளம்பரதாரர்கள் நெருக்கியதை அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனம் 1990இல் விரிவாகவே எழுதினார்; அவருடைய ‘மிஸ்’ இதழ் அந்த ஆண்டு விளம்பரமே இல்லாமல் வரத் தொடங்கியது. ஆண்கள் இதழும் யோக்கியமில்லை, கைக்கடிகார விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே கைக்கடிகார ‘விமர்சனம்’ போடும்.

கார், கேமரா என்று வந்தால் மட்டும் என் கட்சி பலிக்காது. வாங்க வந்தவருக்கு, ஆணோ பெண்ணோ, எடையும் விலையும் போட்ட அட்டவணைதான் வேண்டும். ஆனால் அங்கேயும் கடைசிப் பக்கத்தில் ‘லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது, என்ன செய்ய?’ என்று ஒரு கடிதம் இருந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.